ரெண்டர் ஃபார்ம் நின்றால் முதலில் மனேஜர் கணினியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே ஓர் அறை, அதில் ஏழு கணினிகள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊரில் கட்டப்போகும் வீட்டை, கட்டுவதற்கு முன்பே உள்ளே நடந்து பார்ப்பதுபோல அனிமேஷனாகச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஆவணியில் கல்யாண வீடியோக்களுக்கு முப்பரிமாணத் தலைப்புகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு நிமிட வீடியோவுக்கு நொடிக்கு 25 வீதம் 1500 ஃபிரேம். ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது முப்பரிமாணக் காட்சியைப் படமாக்க, 4 நிமிடம் பிடித்தால், ஒரே கணினியில் 100 மணி நேரம். ஆறு கணினிக்குப் பிரித்துவிட்டால் 17 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இப்படிப் பல கணினிகள் வேலையைப் பிரித்துச் செய்வதுதான் ரெண்டர் ஃபார்ம். ஃபார்ம் ஒழுங்காக ஓடும் நாளில்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

நாங்கள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளும், அதன் ரெண்டர் வேலையைப் பல கணினிகளுக்குப் பங்கிடும் ஃபிளமெங்கோவும் பாவிக்கிறோம். இரண்டும் இலவசம். ஃபிளமெங்கோவில் மூன்று துண்டுகள்: வேலையை அனுப்பும் பிளெண்டர் ஆட்-ஆன், வேலையைப் பங்கிடும் மனேஜர், ரெண்டர் செய்யும் வேர்க்கர். எந்தக் கணினியை மனேஜராக வைப்பது என்று நாங்கள் தொடக்கத்தில் யோசிக்கவே இல்லை. எது பலமானதோ அதையே வைத்தோம். அங்கேதான் பிழை. பின்னால் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ரெண்டர் பிரச்சினை என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடினோம். கடைசியில் பார்த்தால், மனேஜராகத் தெரிவு செய்த கணினிதான் காரணமாக இருந்தது.

சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) மனேஜர் மூட்டை தூக்குவதில்லை. கொப்பியை வைத்துக்கொண்டு இருந்த இடத்தில் இருப்பார். அவர் எழும்பிப் போனால் கடை நின்றுவிடும். இங்கேயும் அப்படித்தான். மனேஜர் கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. நிற்காமல் ஓட வேண்டும், வலையமைப்பில் அதன் முகவரி மாறக்கூடாது, வேறு யாரும் அதில் வேலை செய்யக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் பத்து வருடப் பழைய கணினியே போதும்.

எந்தக் கோளாறு வந்தாலும் இந்த ஒரு சோதனையை முதலில் செய்யுங்கள். ஒரு வேர்க்கர் கணினியில் உலாவியைத் திறந்து மனேஜரின் ஐபி முகவரியையும் 8080 என்ற போர்ட் எண்ணையும் அடியுங்கள். எங்களிடம் அது 192.168.1.10:8080. மனேஜரின் பக்கம் திறந்தால் வலையமைப்பில் பிழையில்லை; வேர்க்கருக்கு மட்டும் மனேஜர் அகப்படாவிட்டால் கீழே முதலாவது கோளாறின் பிற்பகுதியையும், மற்றப்படி இரண்டாவதிலிருந்தும் பாருங்கள். திறக்காவிட்டால் பிளெண்டரைத் தொடவே வேண்டாம், முதலாவதிலிருந்து தொடங்குங்கள்.

வேர்க்கர் மனேஜரைத் தேடிக்கொண்டே இருக்கிறது

மனேஜர் ஓடும் கணினியிலேயே பக்கம் திறக்கிறது, மற்றக் கணினிகளில் திறக்கவில்லை என்றால் அது அனேகமாக விண்டோஸ் ஃபயர்வால். ரவுட்டரை மாற்றியிருந்தால், அல்லது இணையம் இல்லாத நேரத்தில் போனை யுஎஸ்பியில் மாட்டியிருந்தால், விண்டோஸ் அதைப் புது வலையமைப்பாக எடுத்துப் பொது இடம் என்று குறித்துக்கொள்ளும். வலையமைப்பு அமைப்புக்குள் போய்த் தனிப்பட்டது என்று மாற்றுங்கள். அப்புறம் ஃபயர்வாலில் மனேஜருக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

உலாவியில் பக்கம் திறக்கிறது, ஆனால் வேர்க்கருக்கு மட்டும் மனேஜர் அகப்படவில்லை என்றால் தானாகத் தேடும் வசதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வேர்க்கர் வலையமைப்பு முழுவதும் ஓர் அழைப்பு விடும், மனேஜர் அதற்குப் பதில் சொல்லும். சில ரவுட்டர்கள் வைஃபைக்கும் வயருக்கும் இடையில் அந்த அழைப்பைக் கடத்துவதில்லை. இதற்காக ரவுட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேர்க்கரின் யாமல் அமைப்புக் கோப்பில் மனேஜர் முகவரிக்கென்று ஒரு வரி உண்டு. அதில் முகவரியை நேரடியாக எழுதிவிடுங்கள். தானாகத் தேடும் வசதி வீட்டில் இரண்டு கணினி வைத்திருப்பவருக்கு நல்லது. ஐந்தைத் தாண்டினால் எழுதி வைப்பதுதான் நிம்மதி.

எழுதி வைத்தால், அந்த முகவரி நாளைக்கும் அதே கணினிக்கே கிடைக்க வேண்டும். அதுதான் அடுத்த கோளாறு.

கரண்ட் வந்த பிறகு ஒருவரும் வந்து சேரவில்லை

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்தக் காலத்தில் படித்த பாடங்கள்தான் இந்தப் பகுதி முழுவதும். இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி முழங்கினால் கரண்ட் போய்ப் போய் வருவது எல்லோருக்கும் தெரியும்.

கரண்ட் போய் வந்ததும் பல ரவுட்டர்கள் எல்லோருக்கும் புதிதாக முகவரி கொடுக்கத் தொடங்கும். யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு முதல் எண். நேற்று மனேஜருக்கு இருந்த 192.168.1.10 இன்றைக்கு யாரோ ஒருவரின் போனுக்குப் போயிருக்கலாம். வேர்க்கர்கள் அந்தப் போனின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் மனேஜர் கணினியின் மேக் முகவரியை (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்ணை) கொடுத்து, இந்த எண் இதற்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள். ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால், கணினியிலேயே நிலையான முகவரி கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும் எண் ரவுட்டர் பங்கிடும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் இரண்டு கணினிகள் ஒரே முகவரியோடு நிற்கும்.

முகவரி சரியாக இருந்தும் வரவில்லையா? மனேஜர் கணினி எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புப் பக்கத்தில், ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மனேஜருக்கு மட்டும் போடுங்கள். வேர்க்கர்களுக்குப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. திரும்பி வந்த கரண்ட் பத்து நிமிடம் நிலைக்கும் என்று நம்ப முடியாது. ஆறு கணினிகளும் ஒரே நொடியில் எழும்பி, மறுபடி விழுந்தால் பவர் சப்ளைகள்தான் பலியாகும். விண்டோஸில் மனேஜர் நிரலை டாஸ்க் ஷெடியூலரில் போட்டு, கணினி தொடங்கும்போதே ஓடும்படி வையுங்கள். பயனர் உள்நுழையும்போது ஓடும்படி வைத்தால், யாராவது வந்து கடவுச்சொல் அடிக்கும் வரைக்கும் அது தூங்கும்.

யுபிஎஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது எங்களுக்கு மூன்று இரவு வேலையைத் தின்றது. மனேஜருக்கு யுபிஎஸ் வாங்கி மாட்டினோம். கரண்ட் அரை நிமிடம் போய் வந்தது. மனேஜர் விழவில்லை. ஜெனரேட்டர் வயரில் இருந்த இரண்டு வேர்க்கர்களும் விழவில்லை. ஆனாலும் எல்லாம் அறுந்து போயிருந்தது. கணினிகளின் வயர்கள் வந்து சேரும் வலையமைப்புச் சுவிச்சும் ரவுட்டரும் சாதாரண பிளக்கில் இருந்தன. மனேஜர் உயிரோடு இருந்தும் அதோடு கதைக்க ஒருவருக்கும் வழியில்லை. மனேஜரும் சுவிச்சும் ரவுட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சுவிச்சும் ரவுட்டரும் சேர்ந்து குடிப்பது ஒரு சின்ன மின்குமிழ் அளவுதான், யுபிஎஸ்ஸுக்கு அது பாரமில்லை. கிராபிக்ஸ் கார்டு போட்ட வேர்க்கரை மட்டும் அந்த யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். சில நிமிடங்களில் எல்லோரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

யுபிஎஸ் வாங்க வசதியில்லாதவர்களுக்கு: பற்றரி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் பழைய மடிக்கணினி அருமையான மனேஜர். மூடியை மூடினால் தூங்காதபடி அமைப்பை மாற்றி, வயரில் இணைத்து, அலுமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள்.

கரண்ட் வந்த பிறகு எழுப்பும் ஒழுங்கு: ரவுட்டரும் சுவிச்சும், பிறகு கோப்புகள் இருக்கும் கணினி, பிறகு மனேஜர், கடைசியில் வேர்க்கர்கள். வேலைப் பட்டியல் மனேஜரின் தரவுத்தளக் கோப்பில் இருப்பதால் அது அழியாது. வேர்க்கர் நடுவில் செத்திருந்தால் அதன் கையிலிருந்த பங்கை மனேஜர் நேரம் கடந்ததென்று எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுக்கும். ஆனால் வெளியீட்டு ஃபோல்டரைக் கோப்பின் அளவு வாரியாக அடுக்கி ஒருமுறை வடிவாகப் பாருங்கள். பாதியில் அறுந்த ஃபிரேம்கள் மிகச் சின்னதாக, சில வேளை பூச்சியம் பைட்டாக நிற்கும். பிளெண்டரில் ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதுவதை நிறுத்தி வைத்திருந்தால், அந்தப் பழுதான ஃபிரேமை முடிந்ததாக நினைத்துத் தாண்டிப் போய்விடும். அழித்துவிட்டு அந்தப் பங்கை மறுபடி வரிசையில் போடுங்கள்.

வேலை அனுப்பியாயிற்று, வேர்க்கர்கள் சும்மா இருக்கின்றன

முதல்முறை இது வந்தபோது அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். என் பிளெண்டரிலிருந்து அனுப்பிய வேலை பட்டியலில் தெரிகிறது. நான்கு வேர்க்கர்கள் விழித்திருக்கின்றன, பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் எங்கள் மனேஜர் பக்கத்தின் வேர்க்கர் பட்டியலில் அந்த நான்கு பெயர்களும் இல்லை. பிறகுதான் எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கேட்டேன்.

“அண்ணை, நான் ஒன்றும் மாற்றவில்லை. வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்க்க மனேஜரைத் திறந்தேன், அவ்வளவுதான்.”

அவர் மேல் பிழையே இல்லை. ஃபிளமெங்கோவைத் தரவிறக்கினால் மனேஜரும் வேர்க்கரும் ஒரே ஃபோல்டரில்தான் வரும். நாங்களும் அந்த ஃபோல்டரை அப்படியே எல்லாக் கணினிக்கும் பிரதி எடுத்திருந்தோம். மனேஜர் என்று பெயர் போட்டிருப்பதை இரட்டைக் கிளிக் செய்தால், அது இருக்கிற மனேஜரைக் காட்டாது. புதிதாக இன்னொரு மனேஜரைப் பிறப்பிக்கும். அதற்குத் தனித் தரவுத்தளம், தனி வேலைப் பட்டியல். தானாகத் தேடும் வேர்க்கர் இரண்டில் எதனோடு ஒட்டிக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை.

சோதிப்பது எப்படி: ஒவ்வொரு கணினியிலும் உலாவியில் அந்தக் கணினியின் சொந்த முகவரியையும் 8080ஐயும் அடித்துப் பாருங்கள். மனேஜர் பக்கம் ஒரே ஓர் இடத்தில்தான் திறக்க வேண்டும். வேறெங்காவது திறந்தால் அங்கே ஓடுவதை நிறுத்துங்கள். நிறுத்தியதோடு விட்டுவிடாமல், வேர்க்கர் கணினிகளின் ஃபோல்டரிலிருந்து மனேஜர் நிரலையே அழித்துவிடுங்கள். எல்லா மேசைகளிலும் உண்மையான மனேஜர் பக்கத்துக்கு ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுங்கள். வேலையின் நிலையைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஒழுங்கான வழி இருந்தால், மற்ற வழிக்குப் போகமாட்டார்.

ஒரே மனேஜர்தான், வேர்க்கர்களும் பட்டியலில் இருக்கின்றன, ஆனாலும் வேலை நகரவில்லையா? அந்த வேலைக்கு ஒரு டேக் (குழு அடையாளம்) கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டேக் போட்ட வேலையை அதே டேக் உள்ள வேர்க்கர்தான் எடுக்கும். மனேஜர், வேர்க்கர், ஆட்-ஆன் மூன்றும் ஒரே பதிப்பா என்றும் பாருங்கள். ஆட்-ஆனை மனேஜரின் பக்கத்திலிருந்தே இறக்கிக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

பிளெண்டருக்கும் ஃபிளமெங்கோவுக்கும் பதிலாக 3டிஎஸ் மேக்ஸும் பேக்பர்னரும் பாவிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. பேக்பர்னரில் சேர்வர் என்று அழைப்பது ரெண்டர் செய்யும் கணினியை. பங்கிடுவது மனேஜர்தான், அதன் போர்ட் 3234. சேர்வர் என்றால் தலைமைக் கணினி என்று நினைத்து அதை மட்டும் ஓடவிட்டு, வேலை போகவில்லை என்று தவிக்கிற நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேர்க்கர்கள் மாறிமாறி சிவப்பாகின்றன, மனேஜர் பக்கம் திறக்கவே நேரம் எடுக்கிறது

மனேஜர் ஓடும் கணினியிலேயே வேர்க்கரும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் காரணம் அதுதான். நாங்கள் 64 ஜிபி நினைவகம் உள்ள, வாங்கியதிலேயே விலை கூடிய கணினியை மனேஜராக வைத்து, வீணாகப் போகக்கூடாதென்று அதிலேயே வேர்க்கரையும் ஓடவிட்டோம். சாதாரண வீட்டுக் காட்சிகளில் ஒன்றும் தெரியவில்லை. தோட்டம் நிறைய மரம், செடி, புல் போட்ட ஒரு காட்சி வந்தது. நினைவகம் நிரம்பி வட்டுக்கு வழிந்தது. ரெண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனேஜருக்குத்தான் மூச்சு விட இடமில்லை.

ஃபிளமெங்கோவின் இயல்பான அமைப்பில், ஒரு வேர்க்கரிடமிருந்து 1 நிமிடம் சத்தமில்லாவிட்டால் மனேஜர் அதைப் பிழை என்று குறிக்கும். ஒரு பங்கைப் பற்றி 10 நிமிடம் செய்தி வராவிட்டால் அந்தப் பங்கை நேரம் கடந்ததென்று எடுத்துக்கொள்ளும். மனேஜரே திணறும்போது வேர்க்கர்கள் சொல்வது அதன் காதில் விழாது. வேர்க்கர்களில் பிழை தேடிக்கொண்டிருந்தால் விடியும் வரை தேடலாம். அமைப்புக் கோப்பில் அந்த நேரங்களைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். மனேஜர் திணறுகிறது என்றால் அதைச் செய்யாதீர்கள், நோய் மறையும், ஆறாது. உண்மையிலேயே ஒரு ஃபிரேமுக்கான காட்சியை ஏற்றவே 10 நிமிடத்துக்கு மேல் எடுக்கிறதென்றால் மட்டும் இரண்டாவது நேரத்தைக் கூட்டுங்கள்.

அதன் பிறகு மனேஜர் பொறுப்பை 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய கந்தோர்க் கணினிக்கு மாற்றினோம். பலமான கணினி முழு நேர வேர்க்கராயிற்று. சிவப்பு நின்றது.

பொதுக் கோப்புகளும் அதே மனேஜர் கணினியில் இருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் அளவுக்கு இருக்கலாம், எங்களிடம் அப்படித்தான் இருக்கிறது. கோப்புகள் இல்லாமல் மனேஜர் மட்டும் உயிரோடு இருந்து ஒரு பயனும் இல்லை. இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருப்பது லாபம். எஸ்எஸ்டி வட்டும் ஜிகாபிட் வயரும் அதற்கு வேண்டும். சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 பகிரும் ஃபோல்டருக்கு ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனேஜரின் தரவுத்தளக் கோப்பை மட்டும் வலையமைப்பு ஷேரில் வைக்க வேண்டாம். அது எஸ்கியூலைட் வகை, வலையமைப்பு வழியாகப் பூட்டுவதில் தடுமாறிப் பழுதாகும். மனேஜர் கணினியின் சொந்த வட்டிலேயே இருக்கட்டும்.

ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிற்கிறது

கடைசியாக வீட்டுக்குப் போகிறவர் மனேஜர் கணினியை நிறுத்திவிட்டுப் போகிறாரா? அதில் திரையும் விசைப்பலகையும் இருந்தால் யாராவது அதில் வேலை செய்வார்கள், வேலை செய்கிறவர் போகும்போது நிறுத்துவார். திரையைக் கழற்றிவிடுங்கள். அடுத்தது விண்டோஸின் தூக்கம்: மின் அமைப்பில் ஒருபோதும் தூங்காதே என்று வையுங்கள். வலையமைப்பு அட்டையின் பண்புகளில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற குறியையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் புதுப்பிப்பு இரவில் தானாக மறுதொடக்கம் செய்வதையும் கட்டுப்படுத்த வேண்டும்.

மனேஜர் நின்றிருந்த நேரத்தில் வேர்க்கர் முடித்த செய்திகள் தொலைவதில்லை. வேர்க்கர் அவற்றைச் சேர்த்து வைத்து, மனேஜர் திரும்பி வந்ததும் ஒப்படைக்கும்.

மனேஜர் ஓடுகிறது, வேர்க்கர்கள் மட்டும் தூங்குகின்றன என்றால் வேர்க்கரின் தூக்க அட்டவணையைப் பாருங்கள். பகலில் அந்தக் கணினிகளில் எடிட்டிங் செய்வதால் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை தூங்கவிட்டு, இரவில் ரெண்டருக்கு விடுகிறோம். ஒரு முறை நட்டநடு இரவில் எல்லாம் தூங்கின. அட்டவணை மனேஜரின் கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. பழைய கணினியின் மதர்போர்டில் உள்ள காசு அளவு பற்றரி செத்து, மின்வெட்டுக்குப் பிறகு அதன் கடிகாரம் பின்னால் போயிருந்தது. பழைய கணினியை மனேஜராக வைக்கிறவர்கள் முதல் நாளே அந்த 2032 பற்றரியை மாற்றிவிடுங்கள்.

எல்லா ஃபிரேமும் முடிந்தது என்கிறது, ஃபோல்டரில் பாதிதான் இருக்கிறது

கடைசியில் வீடியோவாகத் தொகுக்கும் பங்கு பிழையாகும்போதுதான் அனேகமாக இது கண்ணில் படும். மீதி ஃபிரேம்கள் தொலையவில்லை. வெளியீட்டுப் பாதையில் டி டிரைவ் என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு வேர்க்கரும் தன் சொந்த டி டிரைவில் எழுதி வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் போய்த் திரட்டி எடுங்கள். பிறகு எல்லாப் பாதைகளையும் பகிர்ந்த ஃபோல்டரின் வலையமைப்புப் பாதையாக மாற்றுங்கள். சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்களின் பாதைகளும் அப்படித்தான். ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் சுவர் வந்தால் அந்தப் படம் அந்த வேர்க்கருக்கு எட்டவில்லை. விண்டோஸும் லினக்ஸும் கலந்திருந்தால் ஒரே பாதையை இரண்டுக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஃபிளமெங்கோவின் இருவழி மாறிகளைப் பாவிக்கலாம்.

ஒரே ஒரு வேர்க்கருக்கு மட்டும் வேலை போகவில்லை என்றால், அந்த வேலையில் அது மூன்று முறை தோற்றுத் தடைப் பட்டியலில் போயிருக்கும். காரணத்தைத் திருத்திய பிறகு, வேலையின் விவரத்தில் தடையை நீக்கிவிடுங்கள்.

மனேஜர் கணினியே போய்விட்டது

வேறொன்றை அவசரமாக நியமிக்க வேண்டி வரும். அந்த நேரத்தில் யோசிக்கக்கூடாது என்பதால், அடுத்தது எது என்று நாங்கள் முன்கூட்டியே தீர்மானித்து அதன் மேல் ஒட்டி வைத்திருக்கிறோம். அது எங்களிடம் உள்ளதிலேயே மெதுவான வேர்க்கர். மனேஜரின் ஃபோல்டரில் அமைப்புக் கோப்பும் தரவுத்தளக் கோப்பும் இருக்கின்றன. மனேஜரை ஒரு நிமிடம் நிறுத்தி, வாரம் ஒரு முறை அந்த ஃபோல்டரை அந்தக் கணினிக்குப் பிரதி எடுக்கிறோம்.

மாற்றும்போது: பழைய மனேஜர் மீண்டும் எழும்பாதபடி அதன் வலையமைப்பு வயரைக் கழற்றுங்கள். ரவுட்டரில் 192.168.1.10 என்ற ஒதுக்கீட்டைப் புதிய கணினியின் மேக் முகவரிக்கு மாற்றுங்கள். அதில் ஓடும் வேர்க்கரை நிறுத்திவிட்டு மனேஜரை ஓடவிடுங்கள். எங்களைப்போலப் பொதுக் கோப்புகளும் பழைய கணினியில் இருந்தால், அதன் வட்டைக் கழற்றி இதில் மாட்டி, அதே பெயரில் ஷேர் செய்ய வேண்டும். வலையமைப்புப் பாதையில் கணினியின் பெயரைப் போடாமல் முகவரியைப் போட்டிருந்தால் பாதைகள் அப்படியே செல்லுபடியாகும். ஃபிளமெங்கோவில் உள்நுழைவுக் கடவுச்சொல் கிடையாது, ஆகவே வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் 8080ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

வேர்க்கர்களில் எதையும் மாற்றத் தேவையில்லை, அவை பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பட்டியலில் வந்ததும், ஒரு ஃபிரேம் மட்டும் உள்ள சின்ன வேலையை அனுப்பிப் பாருங்கள். அது பொது ஃபோல்டரில் வந்து விழுந்தால், நின்றுபோன வேலையை மறுபடி வரிசையில் விடலாம்.